ரீயூனியனில் வாடகைக் கார்: எந்தக் காப்பீடு நமக்கு ஒத்துவரும்?

மொரிஷியஸில், ரோஸ்ஹில்லில் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு முழுக் காப்பீடு வைத்திருக்கிறேன். ரீயூனியனில் எடுக்கும் வாடகைக் காருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விமானத்தில் முக்கால் மணி நேரம்தான், ஆனால் இறங்குவது பிரான்ஸ் மண்ணில். எதிராளிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அங்கே சட்டப்படி கட்டாயம், வாடகையிலேயே அடக்கம். நாம் ஓட்டும் காருக்கு அடிபட்டால் நம் கையிலிருந்து போகும் பங்குதான் தலைவலி. அதற்குப் பெயர் ஃப்ராஞ்சீஸ். அதைக் குறைக்க மூன்று வழி.

முதல் வழி, கவுண்டரிலேயே நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்டுவது. விலை அதிகம். ஆனால் அடிபட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது, கிளம்பும் முன்பே வேறு நிறுவனத்தில் தனிக் காப்பீடு வாங்குவது. மலிவுதான், ஆனால் வாடகைக் கம்பெனி முதலில் நம் கார்டில் பணத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு பில், படம், ஒப்பந்த நகல் எல்லாம் அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். மூன்றாவது, வங்கி கார்டோடு வரும் காப்பீடு. வாடகையை அதே கார்டில் கட்டியிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நான் இதை நம்பிப் போகமாட்டேன்.

விலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. மொரிஷியஸில் இடப்பக்கம் ஓட்டி, வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து பழகியவர்கள் நாம். அங்கே எல்லாம் தலைகீழ். இடது இருக்கையில் உட்கார்ந்ததும் வண்டி நம்மை அறியாமல் வலது ஓரத்துக்குச் சாயும். சேன்-லூயியிலிருந்து சிலாவோஸ் மலையூருக்கு ஏறும் பாதையில் நானூறு வளைவுகள் என்பார்கள். எதிரே பஸ் வந்தது, ஒதுங்கினேன், வலது முன் டயர் கல் சுவரில் தேய்ந்து பக்கவாட்டில் கிழிந்தது. கவுண்டரில் கூடுதலாகக் கட்டியிருந்தேனே என்று தைரியமாகப் போனால், டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி மூன்றும் அதில் சேராதாம். நாம் உரசக்கூடிய இடங்களே அவைதான்!

அதனால் எதை வாங்கினாலும் அந்த மூன்றும் உண்டா என்று முதலில் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து நாலுவழிச் சாலையில் சேன்-ஆந்த்ரே கோயிலுக்குப் போய்த் திரும்புபவருக்குத் தனிக் காப்பீடு போதும். சிலாவோஸ், சலாசி ஏறுவதென்றால் கவுண்டரிலேயே டயரும் கண்ணாடியும் சேர்ந்த பெரிய பேக்கேஜ், காசைப் பார்க்காதீர்கள்.

அப்புறம், முன்பணத்தைப் பிடித்துவைக்க ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்; டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. ரவுண்டானாவில் இடப்பக்கம் பார்த்து வழிவிட வேண்டும். பலகையில்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கே முன்னுரிமை. மோதினால் கொன்ஸ்தா என்ற விபத்து விவரப் படிவத்தை இருவரும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். புரியாத பெட்டியில் டிக் போடாதீர்கள். சாவி வாங்கியதும் நாலு சக்கர ரிம்மையும் படம் எடுங்கள், வலது பக்கத்தை இரண்டு தடவை.