இருப்பதா, கிளம்புவதா, தேதி குறித்துவிட்டுக் காத்திருப்பதா?

30 பேர்கூட இல்லாத ஒரு ஸ்டார்ட்அப்பில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். அங்கே நடந்த ஒரு திங்கட்கிழமை மீட்டிங் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. டெஸ்டிங் பார்த்த பெண், "பணம் கட்டும் பக்கத்தில் 11 பிழை இருக்கு சார், இந்தத் தேதிக்கு ரிலீஸ் பண்ண முடியாது" என்று பட்டியலை நீட்டினார். நிறுவனர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நெகட்டிவா பேசுறவங்க இந்த ரூம்ல வேண்டாம்" என்றார். அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு மீட்டிங் அழைப்பே போகவில்லை. அதன் பிறகு கெட்ட செய்தியை எங்களில் யாரும் அந்த அறைக்குள் கொண்டுபோகவில்லை.

இப்படி ஓர் இடத்தில் சிக்கியவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. உள்ளே இருந்து திருத்தப் பார்க்கலாம், உடனே ராஜினாமா செய்யலாம், வேறு வேலை தேடிக்கொண்டே தாக்குப்பிடிக்கலாம். எது சரி என்பது ஒரே ஒரு கேள்வியைப் பொறுத்தது: சொன்னால் அந்தத் தலைமை கேட்குமா?

திருத்தப் பார்ப்பதை நான் மட்டம் தட்ட மாட்டேன். முதன்முறையாக நிறுவனம் நடத்துகிறவருக்கு ஆள் எடுக்கவும் வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் தெரியாமல் இருக்கலாம். அது பழகினால் வரும். சின்ன இடம் என்பதால் இரண்டு பேர் சேர்ந்து பேசினாலே ஒரு வழக்கம் மாறிவிடும். ஆகவே சின்னதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "மீட்டிங்கில் எடுத்த முடிவையும் காரணத்தையும் அன்றைக்கே எழுதி அனுப்பலாமா?" என்பது போதும். ஆறு வாரம் பொறுங்கள். தட்டுத் தடுமாறியாவது நடந்தால் இருக்கலாம். கேட்டவரையே ஒதுக்கினால் அதை அனுபவக் குறைவு என்று சொல்ல முடியாது, குணம் என்றுதான் சொல்ல வேண்டும். குணத்தைக் கீழிருந்து யாரும் திருத்திவிட முடியாது. டாக்ஸி செயலி நிறுவனமான ஊபரில் இன்ஜினியர் சூசன் ஃபௌலர் வேலையில் இருந்தபோது பாலியல் சீண்டல் பற்றி எச்.ஆரிடம் கொடுத்த புகார்கள் எதையும் அசைக்கவில்லை. வேலையை விட்ட பிறகு 2017 பிப்ரவரியில் அவர் எழுதிய பதிவுதான் விசாரணைக்கு வழி திறந்தது. அந்த ஜூனில் முதலீட்டாளர்கள் நெருக்க, டிராவிஸ் கலானிக் தலைமைப் பதவியிலிருந்து விலகினார்.

உடனே கிளம்புவது பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கணக்கில் பொய், வாடிக்கையாளரிடம் பொய், அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்று வந்தாலோ, ஞாயிறு சாயங்காலமே நெஞ்சு அடைக்க ஆரம்பித்தாலோ, அடுத்த வேலை கையில் இல்லாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள். ரத்தப் பரிசோதனை ஸ்டார்ட்அப்பான தேரானோஸின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த எரிகா சியுங் சில மாதங்களிலேயே, 2014-ல், வெளியேறினார். மறுவருடம் அரசுக் கண்காணிப்பு அமைப்புக்குக் கடிதம் எழுதினார். நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது 2022 ஜனவரியில். மற்றபடி, நாலைந்து மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் கோபத்தில் விட்டால், அவசரத்தில் இதே மாதிரி இன்னோர் இடத்தில்தான் போய் விழுவோம்.

பெரும்பாலானோருக்கு மூன்றாவதுதான் ஒத்துவரும் என்பது என் எண்ணம். ஆனால் இதில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். நம்மைக் கட்டிப்போடுவது பல நேரம் பங்கு ஆப்ஷன், அதாவது நிறுவனத்தின் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. வழக்கமான ஏற்பாடு 4 வருடம். முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் சேராது, முடிந்த அன்று அந்த உரிமையில் நாலில் ஒரு பகுதி மொத்தமாக வரும், அப்புறம் மாதாமாதம். பத்தாவது மாதத்தில் இருக்கிறீர்கள் என்றால் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொள்வதில் அர்த்தம் உண்டு. பதினான்காவது மாதத்தில் இருந்துகொண்டு "நாலு வருடமும் முடியட்டும்" என்பது வேறு கதை. ஆப்ஷன் என்பது வாங்கும் உரிமை மட்டும்தான். பல இடங்களில் வேலையை விட்ட 90 நாளுக்குள் காசு கொடுத்து வாங்காவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும். நிறுவனம் விலைபோனாலும், லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்ற முன்னுரிமை வைத்திருக்கும் முதலீட்டாளர்கள் தங்கள் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அதோடு, வங்கியில் உள்ள பணத்தை மாதச் செலவால் வகுத்தால் இன்னும் எத்தனை மாதம் வண்டி ஓடும் என்று தெரியும். அதைக் கேட்டதற்கு நிறுவனர் எரிந்து விழுந்தால் தேடலை வேகப்படுத்துங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, ஒரு தேதி வேண்டும். நான் குறிக்கவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்" என்றே ஓட்டினேன். பதினைந்தாவது மாதத்தில் ஒரு ஜூனியர் பையன் நோட்டோடு என் மேசைக்கு வந்தான். "அண்ணா, இந்த டிசைன்ல ஒரு சிக்கல் இருக்கு" என்றான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "நெகட்டிவா பேசாதே" என்றேன். அவன் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டான். அது யாருடைய வார்த்தை என்று எனக்கு உறைக்க ராத்திரி ஆகிவிட்டது.

மறுநாள் காலை அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்த்தோம். சிக்கல் நிஜமாகவே இருந்தது. அன்றைக்குத்தான் காலண்டரில் தேதியைக் குறித்தேன்: வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மூன்று மாதம்.