மெடல் பதிவு செய்து தருகிறோம் என்று 38,500 ரூபாய் சுருட்டிவிட்டார்கள்: முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் கவனத்துக்கு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் "போனது போகட்டும், விடும்மா" என்று வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். போனது 38,500 ரூபாய். அதோடு அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கும் (பட்டாளத்தைவிட்டு வரும்போது சர்வீஸ் விவரமெல்லாம் எழுதிக் கொடுக்கும் புத்தகம்) நாசமாகிவிட்டது. பணத்தைவிட அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அப்பா 1969-ல் பட்டாளத்தில் சேர்ந்தவர். எங்களுக்கு வேலூர் மாவட்டம். இந்தப் பக்கம் மிலிட்டரிக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1971 டிசம்பர் 3-ம் தேதி சண்டை ஆரம்பித்தபோது அப்பா பஞ்சாபில், பெரோஸ்பூர் பக்கம் லாரி டிரைவர். போகும்போது வண்டியில் வெடிமருந்து, திரும்பும்போது அடிபட்டவர்கள். அந்தச் சண்டையில் மேற்கு எல்லையில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். கிழக்கே, பங்களாதேஷ் பக்கம் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார். இரண்டு பக்கத்தாருக்கும் பொதுவாக சங்கிராம் மெடல். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1972 தொடக்கத்திலேயே அப்பாவுக்கு வேறு யூனிட்டுக்கு மாற்றல். அந்த மாறுதலில் மெடல் பதிவில் அவர் பெயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சர்வீஸில் இருந்தவரை யூனிபாரத்தில் ரிப்பன் குத்திக்கொண்டவர்தான். ஆனால் 1986-ல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தபோது கையில் கொடுத்த புத்தகத்தில், மெடல் பக்கத்தில் ஒன்பது வருட நீண்ட சேவை மெடல் மட்டும்தான் இருந்தது. அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன டிசம்பர் 16-ம் தேதி, விஜய் திவஸ் அன்று ஒரு விழாவில் 1971 போரில் பங்கேற்றவர்களுக்கு சால்வை போர்த்தினார்கள். புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துத் தயாரித்த பட்டியல். அப்பா பெயர் இல்லை. கூடவே ஒரே லாரியில் போனவர் மேடையில், இவர் கீழே நாற்காலியில். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "நானும் அங்க இருந்தேன்னு எழுதியிருந்தா போதும்."

அப்போதுதான் அண்ணன் இந்த இடத்தைக் கேள்விப்பட்டு வந்தான். கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை, பான் கார்டு எல்லாம் சேர்த்துச் செய்கிற கடை. போர்டில் மூவர்ணக் கொடி, அதன் கீழே "முன்னாள் படைவீரர் ஆலோசனை மையம்". பெயரைப் போட மாட்டேன், போட்டால் மானநஷ்டம் அது இது என்று கிளம்புவார்கள். அந்த ரோட்டில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது, போகிறவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கடைக்காரர் எப்படி நம்பவைத்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவிடமும் இதே வித்தையைத்தான் காட்டுவார். அப்பா படியேறியதும் நாற்காலியைவிட்டு எழுந்தார். குதிகால் இரண்டையும் சேர்த்து வைத்து, "ராம் ராம் சாப்" என்றார். சாப் என்பது ஹவில்தாருக்கு மேலே இருக்கும் சுபேதார் மாதிரி ஆட்களைக் கூப்பிடுவது. அப்பா ஹவில்தார்தான் என்று புத்தகத்தைத் திறந்ததும் தெரிந்துபோயிருக்கும். அதற்குப் பிறகும் வாய்க்கு வாய் சாப். அப்பா முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டிஸ்சார்ஜ் புக்கை இரண்டு கையாலும் வாங்கினார். மேஜையில் கிடந்த தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு அதன் மேல் வைத்தார். பக்கம் புரட்டித் தேடவே இல்லை, நேராக மெடல் பக்கத்துக்குப் போய் விரலை வைத்தார்.

"எந்த செக்டர் சாப்?"

"பெரோஸ்பூர்."

"அட! பார்ட் டூ ஆர்டர் விட்டுப்போயிருக்கு சாப். யூனிட் கிளார்க் பண்ண வேலை. ஷீட் ரோல்ல ஏத்திட்டா தானா வந்துடும்."

இந்த வார்த்தைகள் எல்லாம் உண்மை. ஜவான்களின் சர்வீஸில் எது நடந்தாலும் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் உத்தரவு போட்டுத்தான் ஷீட் ரோல் என்ற சர்வீஸ் பதிவேட்டில் ஏற்றுவார்கள். அதனால்தான் அப்பா விழுந்தார். வெளியே இருந்து வந்த எவனுக்கும் இந்தப் பேச்சு தெரியாது என்று அவர் கணக்கு. "தம்பி நம்ம ஆளு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்த ஆள் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவரா, அல்லது பத்து வருஷமாக இந்த மாதிரிப் புத்தகங்களை ஜெராக்ஸ் எடுத்தே கற்றுக்கொண்டவரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அண்ணனுக்குத் தனியாக ஒரு தூண்டில். "மெடல் ஏறினா பென்ஷனும் ஏறும் சார், அரியர்ஸே ரெண்டு லட்சம் பக்கம் வரும்." இது பச்சைப் பொய். சங்கிராம் மெடல், பஸ்சிமி ஸ்டார் மாதிரி போரில் இருந்ததற்காகத் தரும் மெடல்களுக்கு மாதப் பணம் எதுவும் கிடையாது. பரம் வீர் சக்ரா, வீர் சக்ரா, வீரத்துக்கான சேனா மெடல் போன்ற வீரதீர விருதுகளுக்குத்தான் மாதப் படி. 2017-ல் அதை இரண்டு மடங்காக்கினார்கள். வீர் சக்ராவுக்கு 3,500 இருந்தது 7,000 ஆனது, சேனா மெடலுக்கு ஆயிரம் இருந்தது 2,000 ஆனது. அந்தப் பட்டியலில் அப்பாவின் மெடல்கள் வரவே வராது.

முன்பணம் 5,000. ரசீது கேட்டேன். "மேடம், பட்டாளத்துக்காரன் வார்த்தைக்கு ரசீதா?" என்று சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து. அப்பா என்னை முறைத்தார். அதோடு ரசீது பேச்சு முடிந்தது. ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கையும் வைத்துக்கொண்டார். "டெல்லிக்கு ஒரிஜினல்தான் போகணும் சாப்." ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் பாஸ்வேர்டும் கேட்டார். அதை மட்டும் நான் கொடுக்கவிடவில்லை.

அடுத்த மாதம், "பைல் டெல்லி மெடல் செக்ஷனுக்குப் போயிடுச்சு, அங்கே கவனிக்கணும்" என்று 18,000. ஜிபே நம்பர் அவருடையது இல்லை, யாரோ ஒரு பெண் பெயர். மச்சினி என்றார். அப்புறம் "ஆர்டர் ரெடி, சீல் வைக்கிற ஸ்டேஜ்" என்று 15,500. ஆக மொத்தம் 38,500. அப்பாவின் பென்ஷனில் சேர்த்து வைத்த காசு.

அதற்கப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன் மேடம்". நேரில் போனால் கடையில் ஒரு பையன், "அண்ணன் மாலை போட்டிருக்கார், சபரிமலை போயிருக்கார்". சரி, மலைக்குப் போனவர் ஒருநாள் இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கினார். "ரெக்கார்ட்ஸ்ல ஆபீசர் மாறிட்டார், புது ஆபீசர் எல்லா பைலையும் திரும்பப் பாக்கறார்." பிறகு, "சர்வர் டவுன்." பிறகு, "உங்க அப்பா கையெழுத்து மேட்ச் ஆகல." எழுபத்தைந்து வயசுக்காரரின் கை நடுங்கும், கையெழுத்து மாறும், அதற்கும் 2,000 கேட்டார். கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழும், பதில் வராது. ஒருமுறை அப்பாவே போனில் பேசினார். "சாப், நீங்களே இப்படி அவசரப்பட்டா எப்படி?" என்று அவரையே குற்றவாளியாக்கி வைத்துவிட்டார். அப்பா அன்று முழுக்க "பாவம், அவனும் என்ன பண்ணுவான்" என்று எனக்கே பாடம் நடத்தினார்.

இந்த வாரம்தான் கூப்பிட்டு, "வேலை முடிஞ்சுது" என்று புத்தகத்தைக் கொடுத்தார். கூட ஒரு சின்ன டப்பியில் மெடல்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா மெடல் பக்கத்தைத் திறந்தார். நாற்பது வருஷத்துப் பழுப்புத் தாளில் பளிச்சென்று நீல பால்பாயிண்ட் பேனா எழுத்து. அதன் மேல் வயலட் மையில் வட்ட சீல். சீலில் எந்த அலுவலகம் என்றே படிக்க முடியவில்லை, வேண்டுமென்றே தேய்த்த மாதிரி இருக்கிறது. எழுதியிருந்தது என்ன தெரியுமா? பூர்வி ஸ்டார்! பெரோஸ்பூரில் வண்டி ஓட்டினவருக்கு பங்களாதேஷ் பக்கத்து மெடல். அப்பா வாய்விட்டுப் படித்துவிட்டு, "நான் அங்க போனதே இல்லையே" என்றார். திட்டவில்லை, கத்தவில்லை. அந்தத் தோரணையில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

டப்பியில் இருந்தது சங்கிராம் மெடல். அசலில் மெடலின் விளிம்பில் ராணுவ எண், ரேங்க், பெயர் மூன்றும் பொறித்திருக்கும். இதன் விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தால் மொழுமொழுவென்று இருக்கிறது. மிலிட்டரி சாமான் கடைகளில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய நகல். அசல் கைக்கு வரத் தாமதமாகும்போது ஜவான்களே யூனிபாரத்துக்கு வாங்கிக் குத்திக்கொள்வதுதான், அதில் தப்பில்லை. ஆனால் சில நூறு ரூபாய்ச் சாமான் அது. நாங்கள் கொடுத்தது 38,500.

மறுநாளே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இதுல யார் எழுதினது?" புத்தகம் நம் கையில் இருக்கிறதே ஒழிய, அசல் பதிவு ரெக்கார்ட்ஸில், அதாவது ராணுவ ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அங்கே ஏறாமல் இங்கே எவன் எழுதினாலும் அது திருத்தம் இல்லை, மோசடி. இதை அப்படியே அனுப்பினால் அப்பாதான் எழுதிக்கொண்டார் என்று சந்தேகம் வரும் என்றார். நியாயமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு என்ன செலவு என்று கேட்டேன். "மனு எழுதுற பேப்பர், தபால் செலவு" என்றார். எனக்குத் தலை சுற்றியது.

அங்கிருந்து நேராக அந்தக் கடைக்கு. "நான் ஏஜென்ட் கிட்ட கொடுத்தேன் மேடம், அவன் தப்பா எழுதிட்டான், பூர்வியை அடிச்சிட்டு பஸ்சிமின்னு மாத்தித் தரேன்" என்றார். இன்னொரு தடவை பேனாவை எடுக்கிறாராம்! பணத்தைத் திருப்பிக் கொடு என்றால், "அது ஆபீஸ் செலவுக்குப் போயிடுச்சு." எந்த ஆபீஸ்? பதில் இல்லை. இந்தமுறை சாப் எல்லாம் கிடையாது. "பெரியவரைக் கூட்டிட்டுப் போங்க, பிரஷர் ஏறிடப்போகுது" என்றார். ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டரும்மா" என்று தட்டிக்கழித்தார்கள். போலி சீல் எப்படி சிவில் மேட்டர் ஆகும் என்று நின்று கேட்ட பிறகு சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். இல்லை) மட்டும் போட்டுக் கொடுத்தார்கள்.

விவரமாக வழிமுறை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன்.

ஒரிஜினல் டிஸ்சார்ஜ் புக்கை எவன் கையிலும் விடாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். நான் போன வருஷம் எடுத்த போட்டோதான், அந்தப் பக்கம் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு இப்போது எங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி. ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, ஓடிபி யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மனுவை சம்பந்தப்பட்ட ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு, அதன் பொறுப்பு அதிகாரி பெயருக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஈ.எம்.ஈ. (வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் பிரிவு) என்றால் செகந்திராபாத், ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு. இப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று. எண், ரேங்க், எந்தத் தேதியில் எந்த யூனிட், எந்த இடம் என்று எழுதி, ஜெராக்ஸ் மட்டும் வைத்து ஸ்பீட் போஸ்ட். எங்கள் நல அலுவலகத்தில் மனுவை அவர்களே வாங்கி அனுப்புகிறார்கள். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்.டி.ஐ. போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டால் ராணுவத் தீர்ப்பாயம், சென்னையிலேயே பெஞ்ச் இருக்கிறது.

ஜிபேயில் பணம் போனவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், நாள் கடத்தக் கடத்தப் பணம் திரும்பாது. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை. நான் அங்கேதான் போகப்போகிறேன். 38,500-ல் ஒரு ரூபாய் விடுவதாக இல்லை.

மெடல் வந்தால் பென்ஷன் ஏறும் என்று எவனாவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இதே கடையில் கொடுத்து ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் தனியாக மெசேஜ் போடுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம். அப்பா மனுவை அவர் கையாலேயே எழுதி முடித்துவிட்டார், சி.எஸ்.ஆர். நகலையும் கூட வைக்க வேண்டும். தபால் ஆபீஸ் மூடுவதற்குள் ஓட வேண்டும், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.