ஐலண்ட் பீக் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேபாளத்தில் ஐலண்ட் பீக் (இம்ஜா ட்சே) ஏறத் திட்டமிட்டு, காட்மாண்டுவில் ஏஜென்சி தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் நடக்கட்டும். நாங்கள் பட்டதை இன்னொருவர் படக்கூடாது என்பதுதான் இப்போது என் கவலை.

சம்மிட் (உச்சி) கிடைக்கவில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. வானிலையோ உடம்போ திருப்பி அனுப்பலாம், அதற்குச் சம்மதித்துத்தான் எல்லோரும் போகிறோம். ஆனால் பேஸ் கேம்ப்பில் செய்ய வேண்டிய தயாரிப்பு எதையுமே செய்யாமல், நள்ளிரவில் எங்களைப் பனிச்சுவருக்கு அனுப்பப் பார்த்தார்கள். 6,000 மீட்டரைத் தாண்டிய மலை அது. ட்ரெக்கிங் பீக் பட்டியலில் இருப்பதால் நடந்தே ஏறிவிடலாம் என்பதுபோல விற்கிறார்கள். போகும் வழியில் பிளவுகள் உள்ள பனியாறு இருக்கிறது, அதற்கப்புறம் உச்சிக்குக் கீழே கயிற்றைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்துச் சரிவு.

முதலில் நாட்களில் கைவைத்தார்கள். வழியில் உள்ள திங்போச்சே கிராமத்தில் (4,410 மீட்டர்) ஓய்வு நாள், அடுத்து அதற்கு மேலே சுக்குங்கில் (4,730) ஒரு இரவு, கடைசியில் வானிலைக்காக ஒரு உபரி நாள் என்று திட்டத்தில் இருந்தது. திங்போச்சே போய்ச் சேர்ந்த அன்று மாலையே, வானிலை கெடப்போகிறது, நாளைக்கு நேராக பேஸ் கேம்ப் என்று கைடு சொல்லிவிட்டார். பேஸ் கேம்ப் சுமார் 5,100 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பாலபாடம். அதைச் சொன்னதற்கு, டயமாக்ஸ் (உயர நோய்க்கான மாத்திரை) போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. டயமாக்ஸ் உடம்பு பழகுவதற்கு உதவும், அவ்வளவுதான். தாவித் தாவி ஏறுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. வானிலை கடைசிவரை நன்றாகவே இருந்தது. எங்கள் கூடாரங்கள் அடுத்த குழுவுக்குத் தேவைப்பட்டன என்ற உண்மையைச் சமையல்காரர்தான் பிறகு சொன்னார்.

அடுத்தது கருவிகள். “எல்லாம் பேஸ் கேம்ப்பில் தயாராக இருக்கும், காட்மாண்டுவில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை” என்றவர்கள், அங்கே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைத் திறந்து காட்டினார்கள். ஒரு ஹார்னஸில் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) முன்வளையத்தின் தையல் பிரிந்து நூல் நூலாகத் தொங்கியது. ஜுமாரின் (கயிற்றில் மேலே மட்டும் நகரும், கீழே வழுக்காத பிடி) பற்கள் மழுங்கிப்போயிருந்தன. எடை கொடுத்தால் கயிற்றைக் கவ்வாமல் வழுக்கியது. என் க்ராம்பானின் (பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸில் மாட்டும் ஆணிச்சட்டம்) முன்கம்பி பூட்ஸின் விளிம்பில் உட்காரவே இல்லை. கைடு நாடாவை இழுத்துக் கட்டி, “ஓகே, ஓகே” என்றார். பக்கத்துச் சரிவில் ஒரு உதை உதைத்தேன், கழன்று கணுக்காலில் தொங்கியது. மேலே நடுச்சுவரில் அப்படிக் கழன்றால் என்ன ஆகும் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வேண்டுமானால் சுக்குங்குக்கு இறங்கி, சொந்தச் செலவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

ஒரு முழு நாள் கயிற்றுப் பயிற்சி என்று எழுதியிருந்தார்கள். இருட்டும் நேரத்தில், கூடாரத்தை ஒட்டிய மேட்டில், நால்வருக்கு ஒரே ஜுமாரை வைத்து அவசர அவசரமாக முடித்தார்கள். ஃபிக்ஸட் ரோப்பில் (சரிவில் நிலையாகக் கட்டிவைத்த கயிறு) உயிர் போகும் இடம், கயிற்றைப் பனியில் பொருத்தியிருக்கும் ஆங்கர் முடிச்சைத் தாண்டும் இடம்தான். ஹார்னஸோடு இணைந்த பாதுகாப்பு காரபைனரை (திறந்து மூடும் உலோகக் கொக்கி) முதலில் முடிச்சுக்கு மேலே மாட்ட வேண்டும், அப்புறம்தான் ஜுமாரைக் கழற்றி மேலே கொண்டுபோக வேண்டும். எந்த நொடியிலும் ஏதாவது ஒன்றாவது கயிற்றில் இருக்க வேண்டும். இதைத் தடித்த கையுறையோடு, ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், யோசிக்காமலே கை செய்கிற அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். எங்களுக்கு இதை ஒருமுறைகூடச் செய்து காட்டவில்லை. எட்டு வடிவ உலோக வளையத்தில் கயிற்றைக் கோத்து இறங்குவதை வாயால் மட்டும் சொன்னார்கள். இருவருக்கு ஒரு க்ளைம்பிங் கைடு என்ற பேச்சும் பொய். நால்வருக்கும் சேர்த்து ஒருவர்தான், அவரிடமும் உரிமம் இல்லை.

அன்று இரவு நண்பர் ஒருவருக்குத் தலைவலியோடு தள்ளாட்டமும் வந்தது. குதிகாலை விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியிலேயே சாய்ந்துவிட்டார். மூளை வீக்கத்துக்கான அறிகுறி அது, உடனே இறக்கியாக வேண்டும். ஏஜென்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இல்லை. மாத்திரை போட்டுத் தூங்கச் சொல்லுங்கள், காலையில் பார்க்கலாம் என்றார் கைடு. நாங்கள் கேட்கவில்லை. சமையலுக்கு உதவியாக வந்த தம்பி ஒருவர் முன்னால் விளக்குப் பிடிக்க, எல்லோரும் அந்த இருட்டிலேயே சுக்குங் வழியாக திங்போச்சேவரை இறங்கினோம். இறங்க இறங்க நண்பர் தெளிந்தார். அந்தத் தம்பிமேலும் சுமைதூக்கிகள்மேலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நிறுவனம் கொடுத்தனுப்பாததை அவர்கள் எங்கிருந்து தருவார்கள்?

நண்பர் தேறி, சூப் குடித்துக்கொண்டிருந்தபோது ஏஜென்சியிலிருந்து போன்: ஹெலிகாப்டர் ஏற்பாடு செய்கிறோம், இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும், கையெழுத்து மட்டும் போடுங்கள். தேவையில்லாத மீட்புக்கு இன்சூரன்ஸில் பணம் பிடுங்கும் மோசடியை 2018இல் நேபாள அரசே விசாரித்தது. மறுத்துவிட்டோம். அடுத்து, ‘சொந்த விருப்பத்தில் திரும்பினோம்’ என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதிலும் கையெழுத்துப் போடவில்லை.

போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். காட்மாண்டுவிலேயே பூட்ஸைப் போட்டு, அதில் க்ராம்பானை மாட்டி நடந்து பாருங்கள். ஜுமாரை ஒரு கயிற்றில் மாட்டித் தொங்கிப் பாருங்கள். நேபாள மலையேற்றச் சங்கத்தின் பெர்மிட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், க்ளைம்பிங் கைடின் உரிமத்தைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் எத்தனை மீட்டர்வரை செல்லும் என்று பாலிசியில் தேடுங்கள். உபரி நாளை வெட்டினால் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். பேஸ் கேம்ப் போனபிறகு கேட்டால், மாற்றிக் கொடுக்க அங்கே எதுவும் இருக்காது.

எங்களுக்கு இன்னும் பணம் வரவில்லை. போனில் அவர்கள் சொன்ன எதற்கும் சாட்சி இல்லை. டிரம்மைத் திறந்தபோது எடுத்த படங்களும் வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலும்தான் இப்போது புகாரோடு போயிருக்கின்றன.