வேப்பம்பருப்பும் எலிக்கூடும்: வன்னி வளவில் நாலு பங்குனி

எங்கள் வளவு கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களை ஒட்டி இருக்கிறது. மாரி ஓய்ந்து மாசி பிறந்தால் இங்கே பூச்சிக்காலம். வெயில் ஏற ஏற மிளகாயும் கத்தரியும் துளிர்க்கும், துளிரைத் தேடிச் சாறு உறிஞ்சும் அழுக்கணவனும் வெண் ஈயும் வந்துவிடும். மாரி மழையில் விளையும் காலபோக நெல் வெட்டி முடிவதும் அந்த நேரத்தில்தான் என்பதால், வயலில் தின்று கொழுத்த எலி குசினிக்குள் வரும்.

2021 வைகாசியில் அரசாங்கத் தடையால் இரசாயன உரத்தோடு பூச்சிக்கு அடிக்கும் கிருமிநாசினி இறக்குமதியும் நின்றது. கடையில் மிஞ்சிக் கிடந்த போத்தல்களின் விலை எங்களுக்கு எட்டவில்லை. அந்த ஆடியில்தான் வாசல் வேம்பின் கீழே விழுந்த பழங்களை அள்ளத் தொடங்கினேன். கார்த்திகையில் தடை நீங்கியும் போத்தலுக்குத் திரும்பவில்லை. 2022 முதல் 2025 வரை நாலு பங்குனிக்கும் வேப்பம்பருப்புக் கரைசலைத்தான் அடித்திருக்கிறேன்.

முதல் வருடம் பலனில்லை. சரியாகக் காயாத விதையைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி வைத்தேன், பூஞ்சணம் பிடித்தது. போதாததற்குக் காலை ஒன்பது மணி வெயிலில் அடித்தேன். வேம்பின் சத்தை வெயில் முறித்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது செய்யும் முறை இது. பழத்தின் சதையைக் கழுவி, விதையை நிழலில் நன்றாகக் காயவிட்டு, சணல் சாக்கில் காற்றுப்பட வைப்பேன். 10 லீற்றர் தண்ணீருக்கு ஓடு நீக்கிய பருப்பு 500 கிராம். உரலில் இடித்து, சீலையில் பொட்டலமாகக் கட்டி, இரவு முழுக்க ஊறவிடுவேன். மறுநாள் பிழிந்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் சீவிக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். பூச்சி இருக்கும்வரை வாரம் ஒரு தடவை. கரைசலை அன்றைக்கே முடித்துவிடுவேன். ஒரு வருடம் கடந்த பருப்பில் வேகம் இல்லை, அதை நம்ப வேண்டாம்.

‘‘அக்கா, அடிச்சு ரெண்டு நாளாச்சு, புழு இன்னும் உயிரோடதான் கிடக்கு’’ என்று பக்கத்து வளவுத் தம்பி வந்து நின்றான். வேம்பு உடனே கொல்லாது. புழுவைத் தின்ன விடாது, தோல் கழற்றி வளர விடாது. செத்த புழுவை எண்ணாமல், இலையில் புதுக் கடி இருக்கிறதா என்று நாலாம் நாள் பார்க்கச் சொன்னேன். பார்த்தான், இப்போது அவனும் விதை சேர்க்கிறான்.

கத்தரிக்காய்க்குள் போய்விட்ட புழுவை இது தொடாது. வாடிய குருத்தைக் கண்டவுடன் கிள்ளி எரிக்க வேண்டும், வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை. பாகல் பந்தலில் காயைக் கெடுக்கும் ஈயைப் பிடிக்க ஒரு போகம் முழுக்க ஈப்பொறி தொங்கவிட்டும் பயனில்லாமல் போனது. மாமரத்து ஈயை இழுக்க வைக்கும் மெதைல் இயூஜினோல் என்ற வாசனைப் பொருளை அதற்குள் போட்டிருந்தேன். பாகல், புடோல் (புடலங்காய்) ஈக்குக் கியூ லூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

எலிக்கு நஞ்சு வைப்பதில்லை. கோழியும் பூனையும் திரியும் வளவு இது, நஞ்சு தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் சாகும். கம்பிக்கூட்டில் சுட்ட தேங்காய்ச் சொட்டுத்தான் வைக்கிறேன். முதல் மூன்று இரவு கதவைத் திறந்தபடி கட்டிவிட்டுத் தின்ன விடுவேன், நாலாம் இரவு பொறியைப் பூட்டுவேன். புதுப்பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும், பழகிவிட்டால் வரும். கூட்டைவிடப் பலன் தந்தது அரிசியை இரும்புப் பீப்பாவுக்கு மாற்றியதும், விறகைச் சுவரிலிருந்து தள்ளி உயரத்தில் அடுக்கியதும். இந்த வேலையில் நான் சோம்பலே படுவதில்லை. எலி வந்த இடத்துக்குப் புடையன் பாம்பும் வரும், பிள்ளைகள் இருட்டில் கிணற்றடிக்குப் போகிறார்கள். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா? செத்த எலியை வெறுங்கையால் தூக்காதீர்கள்.

கறையானை இன்னும் வெல்லவில்லை. வேலியில் மட்டும் நிம்மதி. காய்ந்த கதியால் கம்புகளை எடுத்துவிட்டு உயிர்க்கிளுவை நட்டோம், பச்சை மரத்தில் அது ஏறவில்லை. கதவுநிலையில் மண்கோடு தெரியும்போதெல்லாம் தட்டிவிடுகிறேன், பத்து நாளில் மறுபடி வருகிறது. வேப்பெண்ணெய் பூசியும் பார்த்தேன், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு பங்குனிக்கு நாலு கிலோ பருப்பு போகிறது. போன ஆடியில் மண்ணில் கிடந்த பழத்தில் பாதி பழுதாகிவிட்டது. இந்த முறை இரண்டு வேம்புக்கும் கீழே பழைய மீன்வலை விரித்திருக்கிறோம்.