யாகுல்ட், தயிர், பழைய சோறு: எங்கள் வீட்டில் எது நிலைத்தது

போன வருடம் பல் பிடுங்கிய பிறகு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். பல்வலி போனது, வயிறு கெட்டது. குடலில் இருந்த நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அடிவாங்கியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதும், யாகுல்ட் என்ற புளித்த பால் பானம், வீட்டுத் தயிர், பழைய சோறு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் நிலைத்தது பழைய சோறு. அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

யாகுல்ட்டைக் குறைத்துப் பேச மாட்டேன். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவர் 1930-ல் வளர்த்தெடுத்த பாக்டீரியா சேர்ந்த பானம் அது, 1935-லிருந்து விற்பனையில் இருக்கிறது. இங்கே கிடைக்கும் 65 மில்லி குப்பியில் 650 கோடி பாக்டீரியா இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். எந்த வகை, எத்தனை என்ற இந்தத் தெளிவை வேறு எந்த வீட்டு உணவும் தராது. சர்க்கரை சேர்த்தது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தயிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புரதம், கால்சியம் எல்லாம் அதில்தான் கூடுதல். உறைமோரில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும், அவ்வளவுதான்.

இட்லி மாவும் புளித்ததுதானே என்று கேட்பீர்கள். ஆவியில் வேகும்போது அதிலுள்ள பாக்டீரியா செத்துவிடும். இட்லி நல்ல உணவுதான், ஆனால் இந்தக் கணக்கில் வராது.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம். வெளியிலிருந்து நாம் விழுங்கும் பாக்டீரியா பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை, நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ வெளியேறிவிடும். அப்படியென்றால் எது உசத்தி என்பதைவிட எதைத் தினமும் விடாமல் சாப்பிட முடியும் என்பதுதான் கேள்வி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 120 குப்பி வாங்க வேண்டும், அதைக் கடையிலிருந்து வீடு வரை குளிர் குறையாமல் கொண்டுவர வேண்டும். எங்கள் தெருக் கடையில் மதிய நேரத்தில் அந்தக் குப்பிகள் பெட்டியோடு வெளியே கிடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. தயிருக்கு நல்ல பால் வேண்டும், உறைமோரையும் விடாமல் காப்பாற்ற வேண்டும், ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பழைய சோற்றுக்கு இரவு மிஞ்சிய சோறும் தண்ணீரும் போதும், உறைகூட வேண்டாம், அது தானாகப் புளிக்கும். கரண்ட் போனாலும் கவலை இல்லை.

அதோடு இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. சிறுகுடலில் கரையாமல் பெருங்குடல் வரை போய், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு இரையாகிறது. அவை அதைத் தின்று வெளிவிடும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள். பழைய சோறு விருந்தாளியை அழைத்துவருவதோடு வீட்டிலிருப்பவர்களுக்கும் சோறு போடுகிறது. கூடக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயமும் அதே பாக்டீரியாவுக்குத் தீனிதான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆராய்ந்தும் இருக்கிறார்கள்.

நான் செய்வது இப்படி: புழுங்கலரிசிச் சோறு ஆறியதும் நேரம் கடத்தாமல் மண்சட்டியில் போட்டு, சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பேன், காலையில் உப்புப் போட்டுக் கரைத்தால் ஆயிற்று. சித்திரை வெயிலில் எட்டு மணி நேரத்தைத் தாண்ட விடுவதில்லை. புளிப்பு வாசம் இல்லாமல் ஊசல் வாடை வந்தாலோ, சோறு கொழகொழவென்று நூல்விட்டாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், சோற்றில் வளரும் கெட்ட பாக்டீரியாவும் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

என் அனுபவம் எட்டு மாதம்தான். வயிறு ஒழுங்கானது மூன்றாவது வாரத்தில், அது தானாகவே சரியாகியிருக்கவும் கூடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் எவ்வளவு சோறு கொடுக்கலாம் என்று முடிவுசெய்ய எனக்குத் துணிவில்லை, அவருக்கு மோர்தான். ஹாஸ்டலில் இருக்கும் மகள் மண்சட்டிக்கு எங்கே போவாள், அவளுக்கு மட்டும் யாகுல்ட்.