ஜீப்புக்குப் பழைய ஹவுசிங் வாங்குகிறீர்களா? பல்லை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள்

போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. அங்கே ஏறி இறங்க அப்பா காலத்து மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் ஒன்று வைத்திருக்கிறோம். போன ஐப்பசி மழையில், காய் மூட்டையோடு சேற்றிலிருந்து ஏறும்போது பின் ஹவுசிங்கில், அதாவது பின் சக்கரங்களைச் சுற்ற வைக்கிற பல்சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூட்டில், ‘டக்’ என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் பினியனில் (உள்ளே கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம்) இரண்டு பல் உடைந்து எண்ணெய்க்குள் கிடந்தது. காய் எடுக்கிற நேரம். வண்டி ஒரு நாள் நின்றால் ஆள் கூலியும் வீண், காயும் வீண். அந்த அவசரத்தில்தான் ஏமாந்தேன். பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள். எனக்குப் பணம் போனது பெரிதில்லை. ஏழு பேர் உயிர் போகத் தெரிந்தது.

மதுரையில் ஒரு பழைய பார்ட்ஸ் கடை. பட்டறையும் அவர்களுடையதே. முழு ஹவுசிங் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இதுவும் ஜீப்பு ஹவுசிங்தான் தம்பி. பிந்தி வந்த வண்டியோடது, இன்னும் கெட்டி. அப்படியே பூட்டிரலாம்.”

“பல்லு கணக்கு ஒண்ணுதானாண்ணே?”

“எல்லாம் ஜீப்புதானே!”

பினியனுக்கும் கிரவுனுக்கும் எத்தனை பல், அது எங்கள் வண்டியோடு ஒத்துவருமா என்று நான் கேட்டதற்கு இது பதிலே இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஹவுசிங்கின் யோக் (ஷாஃப்ட்டை மாட்டுகிற கவை) அளவு வேறாக இருந்ததால், சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற எங்கள் ஷாஃப்ட்டின் கிராஸ் (முனையில் இருக்கிற சிலுவை மாதிரியான இணைப்பு) அதில் உட்காரவில்லை. அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இரண்டு ஷாஃப்ட்டை வெட்டி ஒன்றாக வெல்டிங் வைத்துப் பூட்டினார்கள். எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். பில்லில் ‘ரியர் ஹவுசிங் 1, ஷாஃப்ட் ஆல்ட்டர்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். பழைய ஹவுசிங்கைக் கேட்டேன். “அது இரும்புக்குத்தான் ஆகும், இங்கேயே கிடக்கட்டும்” என்றார். விட்டுவிட்டு வந்தேன்.

ரிங் ரோட்டில் ஓட்டிக் காட்டினார்கள். நன்றாகத்தான் ஓடியது. ஓடத்தான் செய்யும், ஏனென்றால் ஓட்டியது டூ வீலில், பின் சக்கரம் மட்டும் இழுக்க. அப்போது முன் ஹவுசிங் சும்மாதான் சுற்றிக்கொண்டிருக்கும். பின்னால் எந்தக் கணக்குப் பல்லைப் போட்டாலும் தார் ரோட்டில் ஒன்றும் தெரியாது.

தோட்டத்துக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஏற்றத்தில் முதல் கியரில் பழைய இழுவை இல்லை. 45 தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம். சேற்றில் ஃபோர் வீல் போட்டால் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பது போல முக்கும், அப்புறம் திடீரென்று ஒரு குதி குதிக்கும். ஃபோர் வீலிலிருந்து எடுக்கப் போனால் லீவர் வராது. ரிவர்ஸில் பத்தடி போனால்தான் விடும். கடைக்குப் போன் செய்தேன். “தார்ல ஃபோர் வீல் போட்டா இறுகத்தான் செய்யும் தம்பி, டூ வீல்லயே ஓட்டுங்க” என்றார். காய்ந்த தாரில் ஃபோர் வீல் போடக்கூடாது என்பது உண்மைதான், நல்ல ஜீப்புக்கும் அது பொருந்தும். ஆனால் எங்களுக்கு இறுகியது தாரில் இல்லை, சேற்றில். பாதி உண்மையைச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

அவர் சொன்னபடி டிரைவர் அண்ணன் டூ வீலிலேயே ஓட்டினார். பதினெட்டாம் நாள் சாயங்காலம், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் இரண்டாம் கியரில் வரும்போது பின் ஷாஃப்ட்டின் கிராஸ் உடைந்துவிட்டது. இந்தப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன் ஷாஃப்ட்டுக்கும் பின் ஷாஃப்ட்டுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கிற கியர் பெட்டி) பின்பக்கம் ஷாஃப்ட்டைப் பிடிக்கிற டிரம்மில் இருக்கிறது. ஷாஃப்ட் போனால் கியரின் பிடியும் போய்விடும், ஹேண்ட் பிரேக்கும் போய்விடும், இரண்டும் ஒரே நொடியில். மிஞ்சியது கால் பிரேக் மட்டும். அண்ணன் அதை மிதித்தபடியே வண்டியை மலைப் பக்கத்து மண் மேட்டில் சாய்த்து நிறுத்தினார். ஒரு அக்காவுக்கு மணிக்கட்டில் அடி, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இன்னொரு பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

தேனியில் ஜீப் வேலையிலேயே நரைத்துப்போன ஒரு மெக்கானிக் அய்யாவிடம் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரு சாக்பீஸ் கேட்டார். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, தரையில் இருந்த சக்கரங்களுக்குக் கல் வைத்தார். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். டயரில் ஒரு கோடு, பினியன் யோக்கில் ஒரு கோடு. நான் டயரை 20 சுற்று சுற்ற, அவர் கீழே படுத்து யோக் சுற்றுவதை எண்ணினார். 48-ஐத் தாண்டி முக்கால். முன்னால் போய் அதே மாதிரி எண்ணினார். 53-ஐத் தாண்டி முக்கால். எழுந்து கையைத் தட்டிவிட்டு, “முன்னாடி எட்டுக்கு நாப்பத்திமூணு, பின்னாடி எட்டுக்கு முப்பத்தொம்பது. இது எப்படிய்யா சேர்ந்து ஓடும்?” என்றார்.

எட்டு என்பது பினியன் பல், மற்றது கிரவுன் பல். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் அது கிரவுனுக்கு ஒரு சுற்றுக் கணக்கு. ஆகவே 20 சுற்று என்றால் 10. யோக் சுற்றியதைப் பத்தால் வகுத்தால் முன்னால் 5.38, பின்னால் 4.88. அமெரிக்காவின் வில்லிஸ் கம்பெனி காலத்திலிருந்து 3பி-க்கு வந்த கணக்கு 5.38. ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. ஷாஃப்ட் 43 சுற்று சுற்றினால் முன் சக்கரம் சரியாக 8 சுற்று போகும், பின் சக்கரம் 8.8 சுற்று போகப் பார்க்கும். அதாவது வண்டி 20 மீட்டர் நகர்வதற்குள் பின் சக்கரம் கிட்டத்தட்ட 2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். ஓட இடம் இல்லை. ஒன்று டயர் தேய்ந்து சறுக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே கியரும் கிராஸும் முறுக்கேறி நிற்க வேண்டும். லீவர் வராமல் போனதற்கும் வண்டி குதித்ததற்கும் இதுதான் காரணம். இழுவை பத்தில் ஒரு பங்கு குறைந்ததும் இதனால்தான். ஸ்பீடோ மீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால் அதுவும் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. 45 என்று நான் நம்பியது கிட்டத்தட்ட 50.

ஷாஃப்ட்டைக் கழற்றித் தரையில் உருட்டிக் காட்டினார். ஒட்டிய இடத்தில் லேசான கோணல். அதைவிட மோசம், இரண்டு முனையிலும் இருக்கிற யோக் ஒரே நேராக இல்லை. ஒன்று படுத்திருந்தால் மற்றது சாய்ந்து நின்றது. கிராஸ் சாய்வில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும். ஒரு முனையின் ஏற்ற இறக்கத்தை மறுமுனை சரிக்கட்ட வேண்டுமானால் இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இங்கே சரிக்கட்டுவதற்குப் பதில் அது நடுக்கமாக வெளியே வந்தது. உடைந்த கிராஸின் கப்பைக் கவிழ்த்தார். ஊசி பேரிங் முழுசாக ஒன்றுகூட விழவில்லை, காவி நிறத்தில் துரும்பும் தூளும்தான் கொட்டியது.

சரிசெய்ய இரண்டு வழி என்றார். முன்னாலும் 8/39 போட்டு இரண்டையும் ஒன்றாக்கலாம், இல்லையென்றால் பின்னால் 8/43 தேடலாம். எங்கள் ஏற்றத்துக்கு இழுவை வேண்டும் என்பதால் இரண்டாவதை எடுத்தோம். நல்ல பழைய ஹவுசிங் ஒன்றும், ஜோடி நம்பர் ஒத்த கிரவுன் பினியனும் கிடைக்கப் பதினோரு நாள் ஆனது. கிரவுனையும் பினியனையும் ஃபாக்டரியில் ஜோடியாகத்தான் உரசிப் பழக்கி அனுப்புவார்கள். ஒரு வண்டியின் கிரவுனுக்கு இன்னொரு வண்டியின் பினியனைப் போட்டால் ஊளை இடும். அய்யா பல்லில் நீலம் தடவிச் சுற்றி, பதிவு பல்லின் நடுவில் விழும்வரை ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டார். அதற்கே ஒரு முழு நாள். ஷாஃப்ட்டுக்குப் புதுக் குழாய் போட்டு, யோக்கை நேர் வைத்து, மெஷினில் பேலன்ஸ் செய்து வாங்கினோம். டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முன் கிராஸிலும் அடிபட்டதை மாற்றியது தனி. 41,500 ஆனது. முதல் ஏற்றத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. சேற்றில் ஃபோர் வீல் போட்டு ஏறி, மேலே போய் இரண்டு விரலால் லீவரை எடுத்தேன், வந்தது.

கடைக்காரர் “செகண்ட் ஹேண்டுக்குக் கேரண்டி கிடையாது” என்பதோடு முடித்துக்கொண்டார். நான் கேரண்டி கேட்கவில்லை, தவறான பொருளை அதே பொருள் என்று சொல்லி விற்றதைக் கேட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பில்லில் பல் கணக்கு எழுதாததுதான் எனக்கு இப்போது இடிக்கிறது. நீங்கள் வாங்கினால் ‘8/43’ என்றோ எதுவோ அதை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடை வேண்டாம். ஹவுசிங்கைக் கடையிலேயே திறந்து எண்ணுங்கள். முடியாவிட்டால் பூட்டிய பிறகு சாக்பீஸ் கணக்கைப் பாருங்கள், அரை மணி நேர வேலை. ஓட்டிப் பார்க்கும்போது மண் தரையில் ஃபோர் வீலில் நேராக ஓட்டி, லீவர் இழுத்ததும் லேசாக வருகிறதா என்று பாருங்கள். முன் டயரும் பின் டயரும் ஒரே அளவா என்பதையும் பார்த்துவிடுங்கள், அதில் வித்தியாசம் இருந்தாலும் இதே முறுக்குத்தான். பழைய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையதை அடுத்த வாரமே இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்த 39 பல் ஹவுசிங் எங்கள் ஷெட்டில் கிடக்கிறது. மேலே வெள்ளை பெயிண்டில் 8/39 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். கம்பத்திலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டார். முதலில் உங்கள் வண்டியின் முன் ஹவுசிங்கை எண்ணிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.