‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ்: 1974 மறுபதிப்பை வாங்கலாமா?

சூப்பர்மேன் அறிமுகமான 1938 ஜூன் இதழின் அசல் பிரதி எட்டாக்கனி. 2014-ல் ஒரு பிரதி 32 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த இதழை முழுசாகப் படிக்க ஆசையிருந்தால், அதை வெளியிட்ட டிசி நிறுவனமே 1974-ல் ‘ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்’ வரிசையில் சி-26 என்ற எண்ணோடு போட்ட பெரிய சைஸ் மறுபதிப்பைத் தேடுங்கள். 1988-ல் வந்த 50 சென்ட் பதிப்பில் சூப்பர்மேன் கதை மட்டும்தான். 1974 மறுபதிப்பிலோ மந்திரவாதி ஸட்டாரா, கௌபாய் சக் டாசன், பழைய விளம்பரங்கள் எல்லாமே உண்டு.

சூப்பர்மேனுக்கு 13 பக்கம். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் நாளிதழுக்காக வரைந்து வைத்திருந்த படக்கதைப் பட்டைகளை வெட்டி ஒட்டிப் பக்கமாக்கியது அது. கதை தடதடவென்று தாவி ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். அழியும் கோளிலிருந்து வந்த குழந்தையை வழியில் போகிற ஒரு காரோட்டி கண்டெடுக்கிறார், அனாதை இல்லத்தில் சேர்க்கிறார். பிற்காலக் கதைகளில் அவரை வளர்க்கிற கென்ட் தம்பதி இன்னும் பிறக்கவில்லை. சூப்பர்மேன் பறப்பதும் கிடையாது: எட்டில் ஒரு பங்கு மைல் தாவுவார், 20 மாடிக் கட்டடத்தைத் தாண்டுவார், அவ்வளவுதான். இந்தப் பலத்துக்கு எறும்பையும் வெட்டுக்கிளியையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பைபிளில் நாணல் பெட்டியில் வந்த மோசேயும் பலசாலி சிம்சோனும் இங்கே விஞ்ஞான விளக்கத்தோடு வருகிறார்கள். எதிரிகளும் அசுரர்கள் இல்லை. மனைவியை அடிப்பவன், செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகன். பிறகு வந்த எத்தனையோ கதைகளைவிட அன்றாட அநியாயத்தின் மீதான இந்தக் கோபம் எனக்கு உசத்தி.

வாங்கும்போது உஷார். கெட்டியான வெளி அட்டைக்குள் அசல் அட்டையின் நகல், 10 சென்ட் விலையோடு அப்படியே இருக்கும். வெளி அட்டையைக் கிழித்துவிட்டு ‘அசல்’ என்று விற்கிறவர்கள் உண்டு. ஸ்கேல் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: மறுபதிப்பு 10 அங்குல அகலம், 13½ அங்குல உயரம், அசல் ஏறத்தாழ 7¾-க்கு 10¼. போட்டோவை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். வெளி அட்டை இல்லாத பிரதிக்கு முழு விலை கொடுக்கவும் வேண்டாம்.

தாள் சாதா நியூஸ்பிரின்ட், அமிலம் ஏறிப் பழுத்து நொறுங்கும். வழக்கமான காமிக்ஸ் கவரில் இது நுழையாது. மடித்துத் திணித்தால் முதுகு வெடிக்கும். பெரிய சைஸ் பாலியஸ்டர் உறையில், அமிலமில்லாத அட்டையைப் பின்னால் கொடுத்து, படுக்கை வசத்தில் வையுங்கள். ஈரக்காற்று பட்டால் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். வாங்குவதற்கு முன் நடுப்பக்கத்தைத் திறந்து அந்தப் பின்களைப் பார்த்துவிடுங்கள்.